உடல் நோய்க்கும் உள நோய்க்கும் ஒரே நீதி

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



கடந்த இரண்டு நாட்களாகக் குடிநீர், வீடு கட்டும் திட்டம், சாலை, திடக்கழிவு ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் விரிவாகப் பேசினோம். இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு மருத்துவக் காப்பீடு. அதில் ஒரு பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். உடலுக்கு வரும் நோய்க்குப் பணம் கொடுக்கும் காப்பீடு, உள்ளத்துக்கு வரும் நோய்க்கும் அதே அளவில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டங்கள் பிறந்த வரலாறே அப்பகுதியாகும். வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு குடும்பம் வறுமையில் விழுவதற்கு மழை பொய்ப்பது ஒரு காரணம் என்றால், நோய் மற்றொரு காரணம். அவ்வாறு விழுந்த குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவன் நான். ஆகையால் முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

ஒரே பாலிசி, இரண்டு பதில்கள்

என் தமையனார் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நூற்பாலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். எங்கள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவ பாலிசி எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டி வந்தவரும் அவரே. 2006ஆம் ஆண்டு எங்கள் தந்தையாருக்குக் குடலிறக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பாலிசியின்படி பணம் வந்தது. ஏஜெண்டை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தோம்.

அடுத்த ஆண்டு தமையனாருக்கு உறக்கம் கெட்டது. ஆலையில் தம்மைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்றார். பின்னர் உண்ண மறுத்தார். கோயில், மந்திரிப்பு என்று நான்கு மாதங்கள் கழிந்த பின்னரே மருத்துவரிடம் கொண்டு சென்றோம். தனியார் மருத்துவமனை ஒன்றில் நாற்பது நாட்கள் தங்க நேரிட்டது. வீடு திரும்பியதும் ரசீதுகளையெல்லாம் கோத்து அனுப்பினோம். மூன்று வரிகளில் பதில் வந்தது. பாலிசியின் விலக்குகளில் மனநோய் இடம் பெற்றிருப்பதால் தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று என்பதே அப்பதில்.

பாலிசி ஒன்று, பிரீமியம் ஒன்று, குடும்பம் ஒன்று. தந்தையாரின் வயிற்றுக்குப் பணம் உண்டு, அதைக் கட்டிய மகனின் மனத்துக்குப் பணம் இல்லை. தந்தையார் ஓர் ஏக்கர் நஞ்சையை விற்றார்.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. அப்போது நான் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். தமையனாருடன் மருத்துவமனையில் தங்குவதற்காக விடுப்பு விண்ணப்பம் எழுதும் போதெல்லாம் 'தமையனாருக்கு மஞ்சள் காமாலை' என்றே எழுதினேன். காப்பீட்டு நிறுவனம் அந்நோயைப் பட்டியலிலிருந்து விலக்கியது. நான் அதைக் காகிதத்திலிருந்தே விலக்கினேன். இவ்விரண்டுக்கும் உறவு உண்டு என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

விலக்கு ஏன் வந்தது?

காப்பீடு என்பது பலர் சேர்ந்து வைக்கும் பொது உண்டியல். நோயற்றவர் கட்டும் பணத்தைக் கொண்டு நோயுற்றவருக்கு உதவுவதே அதன் தத்துவம். அவ்வுண்டியலிலிருந்து உள நோய் மட்டும் விலக்கப்பட்டதற்குக் காரணங்கள் கூறப்பட்டன. இந்நோய் எப்போது தீரும் என்று சொல்ல இயலாது, செலவுக்கு எல்லை இராது என்பது ஒன்று. எலும்பு முறிவைப் படம் பிடித்துக் காட்டலாம், மனச்சோர்வை எப்படிக் காட்டுவது என்பது மற்றொன்று. தமக்கு நோய் வரும் என்று அறிந்தவர்களே வந்து சேருவார்கள் என்ற அச்சம் மூன்றாவது. மனநோயாளரைப் பராமரிப்பது அரசாங்க மருத்துவமனைகளின் கடமை, வியாபாரம் செய்பவர்களின் கடமையன்று என்ற பழைய எண்ணம் நான்காவது. இவற்றோடு, வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் இருந்தது. நோயுற்றவர்களின் உறவினர்கள் வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் மறுப்பது எளிது.

இக்காரணங்களை எதிர்த்து, காப்பீட்டில் சமநிலை வேண்டும் என்ற இயக்கம் நெடுங்காலம் நடந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டில் பெரும்பாலோருடைய மருத்துவச் செலவைத் தனியார் காப்பீடும் வேலை கொடுப்போர் ஏற்படுத்தும் காப்பீடுமே தாங்குகின்றன. ஆகவே அங்கே காப்பீட்டிலிருந்து விலக்கப்படுவது மருத்துவத்திலிருந்தே விலக்கப்படுவதற்கு ஒப்பாகும். நம் நாட்டுச் சட்டத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய அனுபவம் நமக்கு மிகவும் பயன்படும். எனவே அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

அமெரிக்காவின் அனுபவம்

1961ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜான் கென்னடி, மத்திய அரசாங்க ஊழியர்களுக்கான காப்பீட்டில் மனநோய்க்கும் பிற நோய்களுக்கு நிகரான இடம் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1967ஆம் ஆண்டளவில் அவ்வூழியர்களுக்கான இரு பெரும் தேசியத் திட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் செலவு மிகுகிறது என்ற காரணம் காட்டி 1975ஆம் ஆண்டில் அச்சலுகையைக் குறைக்க அனுமதி தரப்பட்டது. கொடுத்ததைத் திரும்பப் பெற எட்டே ஆண்டுகள் போதுமாக இருந்தன.

இதற்கிடையில் 1963ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கென்னடி கையொப்பமிட்ட சட்டம், பெரிய மனநோய் மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊர்ப்புறங்களிலேயே மனநல மையங்களை அமைக்க வழி செய்தது. நோயாளிகள் வீடு திரும்பினார்கள். ஆனால் அவர்களைப் பின்தொடர்ந்து காப்பீடு வரவில்லை. 1965ஆம் ஆண்டில் முதியோருக்கென ஏற்பட்ட மெடிகேர் திட்டத்திலும் இவ்வேறுபாடு புகுந்தது. பிற்காலத்தில் அத்திட்டத்தில் உடல் நோய்க்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றால் முதியவர் ஐந்தில் ஒரு பங்கு செலுத்தினார். மன நோய்க்கென்றால் பாதியைச் செலுத்தினார். இவ்வேறுபாட்டைப் படிப்படியாக நீக்க 2008ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டில்தான் அது முற்றிலும் நீங்கியது. மனநோய்க்கென்றே உள்ள மருத்துவமனையில் ஒருவர் தம் வாழ்நாளில் 190 நாட்கள் மட்டுமே தங்கலாம் என்ற பழைய வரம்பு அதன் பின்னரும் நீடித்தது.

1990களில் சில மாநிலங்கள் முன்வந்தன. டெக்ஸாஸ் 1991ஆம் ஆண்டில் அரசாங்க ஊழியர்கள் மட்டில் சமநிலையை ஏற்படுத்தியது. நியூ ஹாம்ப்ஷயர், மேரிலாந்து, ரோட் ஐலண்ட் ஆகியவை 1994ஆம் ஆண்டிலும், வெர்மாண்ட் 1997ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. எனினும், பெரிய நிறுவனங்கள் தங்கள் தொழிலாளருக்குத் தாமே பணம் ஒதுக்கி நடத்தும் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அதற்காகச் செனட் சபையில் கைகோத்தவர்கள் இருவர். ஒருவர் நியூ மெக்ஸிகோவின் பீட் டொமெனிசி. அவர் ரிபப்ளிகன் கட்சியினர். மற்றவர் மினசோட்டாவின் பால் வெல்ஸ்டோன். அவர் டெமாக்ரட் கட்சியினர். ஏறக்குறைய வேறு எந்தப் பொருளிலும் இருவருக்கும் கருத்து ஒன்றாது. ஆனால் டொமெனிசியின் மகளுக்குக் கடுமையான மனநோய் இருந்தது. வெல்ஸ்டோனின் தமையனாரும் இளமையிலேயே அவ்வாறு நோயுற்றவர். அம்மருத்துவக் கடனை அடைக்கத் தம் பெற்றோர் பல ஆண்டுகள் பாடுபட்டதை வெல்ஸ்டோன் வெளிப்படையாகவே பேசி வந்தார். அதைப் படித்தபோது எங்கள் நஞ்சை ஏக்கர் என் நினைவுக்கு வந்தது. பெரிய நாட்டின் சட்டசபையில் அமர்ந்தவர்கள் தம் வீட்டு நோயைச் சபையறிய ஒப்புக்கொண்டார்கள். நான் விடுப்பு விண்ணப்பத்தில் கூட ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு கதவை அடைத்தால் மறு கதவு

1996ஆம் ஆண்டு அவ்விருவரும் கொண்டுவந்த முழுச் சமநிலைத் திருத்தம் செனட்டில் நிறைவேறியது. ஆயினும் இரு சபைகளின் கூட்டுக் குழுவில் அது நீக்கப்பட்டது. பிறகு மிகவும் சுருக்கப்பட்ட ஒரு வடிவம் வேறொரு நிதி மசோதாவுடன் இணைக்கப்பட்டு, ஜனாதிபதி கிளிண்டனின் கையொப்பத்தைச் செப்டம்பர் 26ஆம் நாள் பெற்றது. 1998 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன் உடல் நோய்க்கு வாழ்நாள் வரம்பு 10 லட்சம் டாலர் என்றிருந்த பல பாலிசிகளில் மன நோய்க்கு 50,000 டாலரே வரம்பாக இருந்தது. ஆண்டு வரம்பும் வாழ்நாள் வரம்பும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் கூறியது. அது கூறியது அவ்வளவே. நிறுவனங்கள் பண வரம்பை எடுத்து விட்டன. அதற்குப் பதிலாக நாள் வரம்பை வைத்தன. ஆண்டுக்கு இத்தனை நாட்கள்தான் மருத்துவமனையில் தங்கலாம், இத்தனை முறைதான் மருத்துவரைக் காணலாம் என்றன. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து பார்த்தபோது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த திட்டங்களிலேயே நூற்றுக்கு 87 திட்டங்கள், மன நோய்க்கு வேறு ஏதேனும் ஒரு வகையில் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருந்தன.

கால்வாயில் ஓர் உடைப்பை அடைத்தால் நீர் மற்றோர் இடத்தில் கரையை அரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கும் நடந்தது அதுதான்.

செலவு பெருகும் என்ற வாதம் உண்மைதானா என்பதையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2001 ஜனவரி முதல் மத்திய அரசாங்க ஊழியர் அனைவருக்கும் சமநிலைக் காப்பீடு அளிக்கப்பட்டது. அவ்வூழியர் திட்டங்களில் 7 திட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் பிற திட்டங்களோடு ஒப்பிட்டு, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையை முறையாக மேற்பார்வை செய்தால் சமநிலையால் மொத்தச் செலவு பெருகுவதில்லை என்பது அம்முடிவு. ஐம்பது ஆண்டுகளாகக் காட்டப்பட்டு வந்த அச்சத்துக்கு இவ்வாறு கணக்கு மூலமே விடை கிடைத்தது.

2002 அக்டோபரில் வெல்ஸ்டோன் விமான விபத்தில் காலமானார். பிரதிநிதிகள் சபையில் பாட்ரிக் கென்னடியும் ஜிம் ராம்ஸ்டாடும் அப்பணியைத் தொடர்ந்தார்கள். முன்னவர் ஜனாதிபதி கென்னடியின் தம்பி மகன். இருவருமே தாங்கள் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் என்பதை மறைக்காதவர்கள். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், வங்கிகளைக் காப்பாற்றுவதற்கான 70,000 கோடி டாலர் மசோதாவின் ஒரு பகுதியாக இச்சமநிலைச் சட்டமும் நிறைவேறியது. வெல்ஸ்டோன், டொமெனிசி ஆகிய இருவர் பெயரையும் அது தாங்கியுள்ளது. பண வரம்பு, நாள் வரம்பு, நோயாளி செலுத்த வேண்டிய பங்கு ஆகியவற்றோடு, முன்அனுமதி போன்ற நடைமுறைக் கட்டுப்பாடுகளும் மன நோய்க்குக் கூடுதலாக இருத்தல் ஆகாது என்று அச்சட்டம் விதித்தது. மது, போதைப் பழக்கங்களுக்கான சிகிச்சையையும் அதில் சேர்த்தது. ஆனால் மனநலச் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்த்தே தீர வேண்டும் என்று அது கூறவில்லை. சேர்த்தால் சமமாகச் சேர்க்க வேண்டும் என்றே கூறியது. அக்குறையைத் தனிநபர், சிறு நிறுவனக் காப்பீடுகள் மட்டில் நீக்கியது 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2014 முதல் அவற்றில் மனநலச் சிகிச்சை இன்றியமையாத பகுதியாயிற்று.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. முன்அனுமதி, மருத்துவர் பட்டியல், சிகிச்சை தேவைதானா என்ற விசாரணை ஆகியவற்றில் வேறுபாடு ஒளிந்துகொண்டது. இவற்றில் இரு நோய்களுக்கும் ஒரே முறையைக் கையாள்வதாக எழுத்தில் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தார்கள். நிறுவனங்கள் முதலில் கொடுத்த ஒப்பீடுகளுள் அரசாங்கம் பரிசீலித்த எந்த ஒன்றிலும் போதிய விவரம் இல்லை என்று 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. 2024 செப்டம்பரில் மேலும் கடுமையான விதிகள் வெளியாயின. 2025 மே மாதத்தில் அடுத்த அரசாங்கம் அப்புதிய விதிகளை இப்போதைக்கு வற்புறுத்துவதில்லை என்று அறிவித்தது. சட்டம் இயற்றியவுடன் வேலை தீர்ந்தது என்று இருந்து விடலாகாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டம் நெடுங்காலம் ஆட்சி செய்தது. நோயாளியை எங்கே அடைப்பது, யார் உத்தரவிடுவது என்பவையே அதன் கவலை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993ஆம் ஆண்டில் அதன் இடத்தைப் பிடித்தது. அதிலும் காப்பீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறத்தல் ஆகாது. தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? அன்பில்லாத குடும்பங்கள் என்று எளிதில் சொல்லி விடலாம். நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். கோயில், தர்கா, வைத்தியம் என்று அலைந்து, கைப்பொருளையும் இழந்து, வேறு வழி அறியாத குடும்பங்கள் பல. எங்களுக்கு விற்க ஓர் ஏக்கர் இருந்தது. அதுவும் இல்லாதிருந்தால் என் தமையனார் எங்கே இருந்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

ஊனமுற்றோர் உரிமைகளைப் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டில் ஏற்றது. மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்று அவ்வுடன்படிக்கை தெளிவாகவே கூறுகிறது. அதற்கிணங்க இயற்றப்பட்டதே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறதோ, அதே அடிப்படையில் மன நோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழி செய்ய வேண்டும் என்பது அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. அமெரிக்கர்கள் ஐம்பது ஆண்டுகளாகத் துண்டு துண்டாகப் பெற்றதை நம் சட்டம் ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருப்பதும் இச்சட்டமே. ஆம்புலன்ஸ் வசதி கூட மனநோயாளருக்குப் பிறரைப் போலவே கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனால் இங்கும் அந்த ஒரு வாக்கியம் தானாக நடந்து வரவில்லை. 2018 ஆகஸ்டு 16ஆம் நாள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், உடனே இணங்கும்படி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019ஆம் ஆண்டில், மனநோயை விலக்குகளில் சேர்க்கலாகாது என்று வழிமுறை வகுத்தது. 2020 ஜூனில், இச்சட்டப் பிரிவு இன்னும் நடைமுறைப்படவில்லை என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணிக்குப் பணம் மறுத்த நிறுவனத்தின் முடிவைத் தள்ளி, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஆணையம், 2022 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் எல்லாப் பாலிசிகளும் இணங்க வேண்டும் என்று மீண்டும் ஒரு முறை அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் ஏட்டிலிருந்து பாலிசிக்கு வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இன்னும் அடைபடாத கதவுகளும் உண்டு. நம் நாட்டு பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. மனநோய்க்குப் பெரும்பாலும் தேவைப்படுவதோ மாதந்தோறும் மருத்துவரைக் காண்பதும், நாள்தோறும் மாத்திரை உண்பதுமாகும். இரு நோய்களுக்கும் விதி ஒன்றுதான். ஆனால் அவ்விதியின் சுமை இரண்டின் மீதும் ஒன்றாக விழுவதில்லை. மேலும், மதுவாலும் போதைப் பொருளாலும் நேரும் மனநிலைக் கோளாறுகளை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய் என்றே விளக்குகிறது. ஆனால் 2019ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பொது விலக்குகளின் பட்டியலில் மதுப்பழக்கத்துக்கான சிகிச்சை இடம் பெற்றது. நம் ஊர்களில் எத்தனை வீடுகளை இது தொடும் என்பதை இங்கே அமர்ந்துள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதையும் கண்டது. 200 குடும்பங்கள் உள்ள சிற்றூரிலும் இத்தகையோர் பலர் இருப்பார்கள் என்பது திண்ணம். ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, மருத்துவம் காப்பீட்டுக்காகக் காத்திருக்கலாகாது. மாவட்ட மனநலத் திட்டத்தின்படி மருத்துவர்கள் வரும் நாளையும் இடத்தையும் அரசு மருத்துவமனையில் கேட்டறிந்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் திட்டத்தின் எண் அது. அதையும் அப்பலகையில் எழுதுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம் தந்த உரிமை.

இரண்டாவதாக, குழுக் கூட்டங்களில் பாலிசிக் காகிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிரீமியம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து விட்டு மடித்து வைத்து விடுகிறோம். விலக்குகள் என்ற பகுதியே முக்கியமானது. 2018க்கு முன் எடுத்த பாலிசியில் மனநோய் விலக்கு அச்சிடப்பட்டிருந்தாலும், புதுப்பிக்கும்போது அதைப் பற்றி எழுத்து மூலம் கேளுங்கள்.

மூன்றாவதாக, விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். 'மனநோய் என்று எழுதாதீர்கள், பாலிசி கிடைக்காது' என்று யோசனை கூறுபவர் உண்டு. மறைத்த நோயே பின்னர் பணம் மறுக்கக் காரணமாகும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு நிறுவனம் காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அக்காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது.

நான்காவதாக, பணம் மறுக்கப்பட்டால் அத்துடன் விட்டு விடாதீர்கள். மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தக்க பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு சேர வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் முறையிடலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதை ஊராட்சிச் செயலர்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டில் அந்த மூன்று வரிப் பதிலைப் படித்து விட்டு நான் பேசாமல் மடித்து வைத்தேன். பட்டம் பெற்ற நானே அவ்வாறு செய்தேன் என்றால், எழுத்தறியாத தாயார் என்ன செய்வார்?

ஐந்தாவதாக, கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. 'வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா?' என்று கேட்கும் அதே குரலில், 'யாருக்காவது உறக்கம் இல்லையா, பேச்சு குறைந்து விட்டதா, மனம் சோர்ந்திருக்கிறதா?' என்றும் கேளுங்கள். அதே குரல் என்பதுதான் முக்கியம். தாழ்ந்த குரலில் கேட்டால் தாழ்ந்த குரலில்தான் பதில் வரும். அல்லது வராமலே போகும்.

என் தமையனார் இப்பொழுது ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். இரவு ஒரு மாத்திரை உண்கிறார். 2024ஆம் ஆண்டு இறுதியில் எங்கள் குடும்பத்துக்குப் புதிய பாலிசி எடுத்தோம். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே என் பேனா சற்று நின்றது. பக்கத்தில் அமர்ந்திருந்த தமையனார், 'உள்ளதை எழுது, தம்பி' என்றார். நோயின் பெயரையும், அது தொடங்கிய ஆண்டையும், மருந்தின் பெயரையும் எழுதினேன். பிரீமியம் சற்றுக் கூடிற்று. காத்திருப்புக் காலம் இன்னும் முடியவில்லை. முடியும் வரை ஆண்டுதோறும் கட்டி வருவோம். இன்று உங்கள் முன் இதைப் பேசப் போகிறேன் என்று நேற்று மாலை அவரிடம் அனுமதி கேட்டேன். 'என் பெயரைச் சொன்னாலும் குற்றமில்லை' என்றார். பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் காமாலை என்றும் சொல்லவில்லை.